ஜெபம் வராமல் அழுகை மட்டும் வருகிறதென்று எழுதிய சகோதரிக்கு

சகோதரி, கணவருக்கு வேலை போய் ஏழு மாதமாகிறது, மகளின் பள்ளிக் கட்டணம் பாக்கி, ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது, சபையில் "உனக்கு விசுவாசம் குறைவு" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கர்த்தருடைய இரக்கம் காலைதோறும் புதியது என்று சுவரில் மாட்டுகிறோமே, அது வேதாகமத்தில் புலம்பல் புத்தகம் 3:22, 23. அதற்கு முந்தின 21 வசனங்களையும் வாசித்துப் பாருங்கள். கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்து அழிந்ததை நினைத்து அழுத அழுகை அது. பருக்கைக்கல்லால் என் பல்லை நொறுக்கினார், கதறினாலும் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்று அதை எழுதியவர் கடவுள்மேலேயே முறையிடுகிறார். அவர் விசுவாசமில்லாதவரா? நம்பிக்கையைச் சொன்ன பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை, 5-ம் அதிகாரத்தின் கடைசி வரை போகிறது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த வருடம் எனக்கும் ஜெபம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலை ஆறரைக்குத் தூக்குவாளியில் கஞ்சியை வாசல்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே போய்விடுவார். மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும். அதைக் கர்த்தர் அனுப்பினதாகத்தான் இன்றும் நம்புகிறேன்.

கட்டணத்தைப் பற்றிப் போதகரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இன்றிரவு ஜெபம் வராவிட்டால் அந்தப் புலம்பல் 3-ம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள்.