மறுபடியும் கைநாட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆறு மாதம் பாடம் நடத்தினேன். தேர்வு எழுதினார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் மகளிர் குழுக் கூட்டத்தில் அவர்களில் மூன்று பேர் மறுபடி கைநாட்டு வைத்தார்கள். "எழுத்தெல்லாம் மறந்துபோச்சு தம்பி" என்கிறார்கள். ஊரில் நூலகம் இருக்கிறது. இவர்கள் யாரும் அதன் படி ஏறியதில்லை. திரும்ப வகுப்பு எடுப்பதா, அல்லது அந்த நூலகத்தால் ஏதாவது ஆகுமா?

ஒரு தன்னார்வலர்

அன்புள்ள தம்பிக்கு,

வகுப்பு வேண்டாம். நூலகத்தை வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி ஏழு மணிக்குத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த மூன்று பேரின் கண்ணைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். எழுத்து மங்கலாகத் தெரிவதைக்கூட 'மறந்துபோச்சு' என்றுதான் சொல்வார்கள். ஒரு மூக்குக் கண்ணாடியில் பாதிப் படிப்பு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பாதி உண்மையிலேயே மறதிதான். அவர்கள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருப்பீர்கள். விரல் எழுத்துக்குக் கீழே ஊர்ந்துபோகும், உதடு அசையும். 'கொ' வந்தால் அப்படியே நிற்கும். முதலில் கண்ணில் படுவது கொம்பு. அதைப் பார்த்ததும் வாய் 'கெ' என்று சொல்லிவிடும். பின்னால் நிற்கும் கால் அப்புறம்தான் தெரியும், திரும்பி வந்து 'கொ' என்பார்கள். இப்படி வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் நினைவில் இருக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையிலிருந்து, சொல்லைப் பார்த்ததும் வாய்க்கு வருகிற நிலைக்குப் போய்ச் சேரும்வரை படிப்பு தங்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதற்காக நாம் வருடக்கணக்கில் நேரம் கொடுக்கிறோம். நாளெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு ஆறு மாதம் கொடுத்துவிட்டு, மறந்துவிட்டாளே என்று கேட்பது நியாயமில்லை.

நான் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டையில் தொண்டராக இருந்தவள். 1991இல் அங்கே கல்குவாரிப் பெண்கள்வரை எல்லோரும் படித்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றது எல்லோருக்கும் தெரியும். அன்று படித்தவர்களில் யாருக்குப் படிப்பு தங்கியது என்று யோசித்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெண்கள்தான். ரசீதும் கணக்கும் தினமும் அவர்கள் கையில் இருந்தன. படித்தே ஆகவேண்டியிருந்தது. அப்படி ஒரு தேவை அமையாதவர்களுக்கு நாம் ஊரில் எதையும் விட்டுவைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு எல்லாம் கிளம்பிப் போய்விட்டது.

தான்சானியாவில் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். 1973இல் அங்கே ஒரு உடல்நல இயக்கம் நடந்தது. சுமார் 20 லட்சம் பேர் ஊர் ஊராகச் சிறு குழுக்களாகக் கூடி வானொலி கேட்டார்கள். கையில் எளிய ஸ்வாஹிலியில் ஒரு சிறு நூல். மலேரியா, வயிற்றுப்போக்கு, குடிதண்ணீர் என்று தங்கள் வீட்டுப் பிரச்சினைகளை அதில் வாசித்தார்கள், பேசினார்கள், பிறகு மண்வெட்டியை எடுத்துப்போய்க் கழிப்பறைக் குழி வெட்டினார்கள். புதிதாகப் படித்தவர்களின் வாசிப்பு நிலைக்கவேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அதே காலத்தில் கிராம நூலகங்களும் கிராமத்துப் பத்திரிகைகளும் அங்கே வந்தன.

நம்மிடம் இதற்கான ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தை ஊர் ஊராக ஓட்டினார். அதற்குத் துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். கைநாட்டு வைத்த அந்த மூன்று பெண்களின் வீடுகளும் கட்டுகின்றன. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் என்று கட்டடங்களும் எழுந்தன. ஆனால் அவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகிற நேரத்தில் நூலகம் திறந்திருக்கிறது, வீடு திரும்பி அடுப்பு வேலை முடிகிற நேரத்தில் பூட்டியிருக்கிறது. உள்ளே போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் பொடி எழுத்தில் தடித்த நாவல்களும் இருக்கின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ரங்கநாதன் வகுத்த விதியில் இந்தப் பெண்கள் இன்னும் சேரவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

சரி, உங்கள் ஊரில் என்ன செய்யலாம்? நூலகருக்கு ராத்திரிப் பணி கிடையாது, அவரைக் குறை சொல்ல முடியாது. வாசகர் வட்டம் இருந்தால் அதன் பொறுப்பில் சாவியைக் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்றை ஆரம்பியுங்கள். கதவு திறக்காவிட்டால் நூலகரிடம் சொல்லிப் பத்துப் புத்தகம் எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். கேரளத்தில் நூலகப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். 1945இல் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து ஆரம்பித்த இயக்கத்தின் பலன் அது.

அங்கே யாரையும் தனியாகப் படிக்க விடாதீர்கள். ஒருவர் உரக்க வாசிக்கட்டும், மற்றவர்கள் அதே பக்கத்தைக் கையில் வைத்து விரல் ஓட்டட்டும். கதை காதில் விழுந்துகொண்டிருந்தால் வரியின் தொடக்கம் மறக்காது. பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற புத்தகங்கள் பெரிய எழுத்தில், சில பக்கங்களில் இருக்கின்றன. பள்ளியில் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்குக் குழந்தைப் புத்தகமா என்று அவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்ட என்று கொடுங்கள், அந்தக் கூச்சம் இருக்காது.

அதைவிட முக்கியம், நூலகச் சுவரில் ஒரு சார்ட் தாள். ரேஷனில் பருப்பு வந்த நாள், பேருந்து நேரம், யார் வீட்டில் காதுகுத்து, நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறியதா இல்லையா என்று அந்தப் பெண்கள் சொல்லச் சொல்ல நீங்கள் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து ஸ்கெட்ச் பேனாவை அவர்கள் கையில் கொடுங்கள். தன் வாயால் சொன்ன வரியை யாரும் திணறிப் படிப்பதில்லை.

முதல் மாதத்துக்கு வேண்டிய புத்தகங்களை நான் வாங்கி அனுப்புகிறேன். எத்தனை பேர் வருவார்கள், பேய்க்கதை பிடிக்குமா சாமிக்கதை பிடிக்குமா என்று அவர்களையே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா