மடக்குக்கத்தி வாங்குமுன்: பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

லண்டனில் தோட்டவேலை செய்கிறேன். இருபது வருடமாக என் பையில் ஏதாவதொரு மடக்குக்கத்தி இருக்கிறது. தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் நேராகச் சொலிசிட்டரிடம் போய்விடுங்கள்.

அண்ணா, பார்சல் பிரிக்க, பழம் நறுக்க ஒரு சின்னக் கத்தி வேண்டும். பையில் போட்டுக்கொண்டு வெளியே போகலாமா? (ஹாரோ)

போகலாம். 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவுப்படி, தகுந்த காரணமில்லாமல் கூரான பொருளைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். மடக்குக்கத்திக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 7.62 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விரித்தபின் பூட்டிக்கொள்ளவும் கூடாது. இரண்டும் பொருந்தினால், ஏன் வைத்திருக்கிறாய் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

முதல் கத்தி என்றால் விக்டோரினாக்ஸ் 91 மில்லிமீட்டர் (இது மடக்கிய கத்தியின் நீளம், வெட்டும் அலகின் நீளமல்ல) வரிசையில் ஸ்பார்ட்டன் போன்ற ஒன்றை வாங்குங்கள். சுமார் 60 கிராம்தான், பையில் இருப்பதே தெரியாது. 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்த கம்பெனி அது. அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் வரிசையில் பெரிய அலகு பூட்டிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. சிவப்புப் பிடியைப் பார்த்து எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து அதை எடுத்துவிடாதீர்கள்.

பூட்டு இருந்தால்தானே விரலுக்குப் பாதுகாப்பு? சட்டம் ஏன் தலைகீழாக இருக்கிறது? (ஈஸ்ட் ஹாம்)

நியாயமான கேள்வி. எனக்கும் இதில் மனவருத்தம் உண்டு. பூட்டில்லாத கத்தியில் பிடியின் முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் கத்தி விரிந்து நிற்கிறது. விரிக்கும்போது 'டக்' என்று கேட்பது அந்த ஸ்பிரிங் சமதளத்தில் உட்காரும் சத்தம். முதுகுப் பக்கமாக நன்றாக அழுத்தினால் அலகு மடங்கிவிடும். பூட்டுள்ள கத்தியில் ஒரு நெம்புகோலையோ பட்டையையோ விடுவித்தால்தான் மடங்கும்.

சட்ட வாசகத்தில் 'பூட்டு' என்ற சொல்லே கிடையாது. நீதிமன்றங்கள்தான் அப்படிப் பொருள் கொண்டன. 1993-இல் ஹாரிஸ் வழக்கிலும் 1998-இல் டீகன் வழக்கிலும், எந்த நேரமும் சும்மா மடக்க முடிந்தால்தான் அது மடக்குக்கத்தி என்று தீர்ப்பு வந்தது. ஆகவே பூட்டுள்ள கத்தி இரண்டு அங்குலமே இருந்தாலும் விலக்கு கிடையாது.

பூட்டில்லாத கத்தியால் குத்தித் துளை போடாதீர்கள், இழுத்து அறுங்கள். அழுத்தம் எப்போதும் வெட்டும் விளிம்பின் பக்கமே விழட்டும். என் ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு, பிளாஸ்டிக் தொட்டியில் முனையால் துளை போடப் போய் வந்தது.

ஒபினெல் 6-ஆம் நம்பர் மடக்குக்கத்தி வாங்கினேன். அலகு 7 செ.மீ.தான். சரிதானே? (கோவென்ட்ரி)

அளவு சரி, ஆனால் அதிலும் பூட்டு இருக்கிறது. கழுத்தில் திருகும் வளையம் இருக்கிறதே, 1955-இல் வந்த அந்த வீரோப்ளாக் வளையம்தான் பூட்டு. திருகாமல் வைத்திருக்கிறேன் என்று வாதாடிப் பார்க்கலாம். நான் அந்த வாதத்தை நம்பி வெளியே போகமாட்டேன். 2 முதல் 5 வரையான நம்பர்களில் வளையம் கிடையாது. 5-ஆம் நம்பர் அலகு 6 செ.மீ., பழம் நறுக்க அதுவே தாராளம். 6-ஆம் நம்பரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிக்னிக் வெட்டுக்கு அருமையான கத்தி என்று தெரியும், அதனால்தான் சொல்ல வருத்தமாக இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் வேலை. லெதர்மேன் வேவ் (கத்தியும் குறடும் சேர்ந்த மடக்குக்கருவி) எப்போதும் வேனில் கிடக்கும். பிரச்சினையா? (மில்டன் கீன்ஸ்)

அதன் அலகுகள் பூட்டிக்கொள்பவை. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் 'வேலைக்காக' என்பது சட்டமே ஏற்கும் காரணம். ஆனால் அந்தக் காரணம் அந்த நேரத்துக்கும் அந்த இடத்துக்கும்தான். சனிக்கிழமை இரவு ரெஸ்டாரன்ட் வாசலில் அதே வேனை நிறுத்தினால் காரணம் போய்விடும். தெருவில் நிற்கும் வண்டிக்குள் இருப்பதும் பொது இடத்தில் இருப்பதுதான். மறந்துவிட்டேன் என்பது மட்டும் போதுமான பதிலாகாது. அதிகபட்சத் தண்டனை 4 வருடச் சிறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, கோட்டுப் பையில் கனமாக ஏதோ இடித்தது. வெள்ளிக்கிழமை ஒட்டுக்கட்டப் போட்டிருந்த பூட்டுக்கத்தி. வியர்த்துவிட்டது. உள்ளே போகாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து வேலைக்கத்திக்கு டூல்பாக்ஸ்தான் வீடு, கோட்டுப் பையில் போடுவதே இல்லை. நீங்களும் அப்படிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் முடித்துத் தனியாக நடந்து வருகிறேன். பயமாக இருக்கிறது. பாதுகாப்புக்குச் சின்னக் கத்தி வைத்துக்கொள்ளலாமா அண்ணா? (க்ராய்டன்)

வேண்டாம் தங்கச்சி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் தயவுசெய்து வேண்டாம். ஆளைக் குத்துவதற்கு என்ற எண்ணத்தோடு வைத்திருந்தால், சட்டப்படி அனுமதித்த பேனாக்கத்தியும் 1953-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆயுதமாகிவிடும். போலீஸ் கேட்கும்போது 'பாதுகாப்புக்காக' என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தையே உங்களுக்கு எதிரான சாட்சி. அதைவிட, கத்தியை உங்களைவிடப் பலமான ஒருவன் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கீச்சென்று கத்தும் பர்சனல் அலாரம் வாங்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடங்கள். ஷிப்ட் முடியும் நேரத்தை மாற்ற முடியுமா என்றும் மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

மகனுக்கு 14 வயது, சாரணர் முகாமுக்குக் கத்தி கேட்கிறான். (லெஸ்டர்)

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கத்தி விற்கக் கூடாது. 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு. அப்படியிருந்தும் பல கடைகளில் கொடுக்கமாட்டார்கள். நீங்களே வாங்குங்கள். முகாமில் கொண்டுவரச் சொன்னார்களா என்று தலைவரிடம் முதலில் கேளுங்கள். முகாம் முடிந்ததும் கத்தி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அதே பையைத் திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துப் போவான், அங்கேதான் சிக்கல்.

மாமா விட்டுப்போன சாமான்களில் பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி ஒன்று இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2021 ஜூலை 14 முதல் அதை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்காதீர்கள். போலீஸின் அவசரமில்லாத எண்ணான 101-க்கு போன் செய்து எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

கனடாவில் எப்படி? (ஸ்கார்பரோ)

அங்கே திறக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். பொத்தானாலோ, புவியீர்ப்பாலோ, மணிக்கட்டை உதறும் வேகத்தாலோ தானாக விரியும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். வாங்கும்போது மூடிய கத்தியை ஒருமுறை உதறிப் பாருங்கள். அலகு வெளியே வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

அப்பாவுக்குச் சென்னைக்கு ஒன்று கொண்டுபோக ஆசை.

தாராளமாக. செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் கூடவே கூடாது. இந்தியாவின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேரா. பழம் நறுக்கும் பேனாக்கத்திக்கு அந்தப் பயம் வேண்டாம். டெல்லியில் 1980-இல் ஸ்பிரிங், பொத்தான் கத்திகளுக்குத் தனி அறிவிப்பு வந்தது. அதில் சொல்லும் நீளமும் 7.62 சென்டிமீட்டர்தான், இங்கே உள்ள அதே 3 அங்குலம்.

என் கத்தி தக்காளியை நசுக்குகிறது. புதுசு வாங்கணுமா?

வேண்டாம், சாணை பிடித்தால் போதும். நீர்க்கல்லை நனைத்து, கத்தியின் முதுகு கல்லிலிருந்து சற்றே உயர்ந்திருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் சரி. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் விளிம்பில் சொரசொரவென்று ஒரு பிசிறு தட்டுப்படும். கட்டைவிரலைக் குறுக்காக மெதுவாக வைத்துப் பாருங்கள், விளிம்போடு நீளவாக்கில் ஓட்டாதீர்கள். அடியிலிருந்து நுனிவரை பிசிறு வந்தபின் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. அப்புறம் அதே தக்காளியை நறுக்கிப் பாருங்கள்.