பாதி சீசனிலேயே கடைசி இடத்துக்குப் போய்விட்ட பேஸ்பால் அணியிடம் மீதிப் பாதியில் ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கலாம்?

வெற்றிகளை எதிர்பார்க்காதீர்கள். மூன்று வருஷம் கழித்தும் இந்த அணிக்காக ஆடப்போகிற பையன்கள் யார் என்பதை இப்போதே களத்தில் காட்டும்படி எதிர்பாருங்கள். அதைக் காட்டாவிட்டால் கோபப்படுங்கள். ஆட்டத்தில் தோற்பதற்காகக் கோபப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ரசிகன். 2024, 2025 இரண்டு வருஷமும் ஜூலை நடுவில் ஆல் ஸ்டார் இடைவேளை (நட்சத்திர ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டத்துக்காகச் சீசன் சில நாள் நிற்கும் நேரம்) வருவதற்குள்ளேயே எங்கள் கதை முடிந்துவிட்டது. இடைவேளையின்போது 2024-இல் 27 வெற்றி, 71 தோல்வி. 2025-இல் 32 வெற்றி, 65 தோல்வி. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததில்தான் வித்தியாசம். 2024-இன் இரண்டாம் பாதியில் 14 வெற்றி, 50 தோல்வி. 2025-இன் இரண்டாம் பாதியில் 28 வெற்றி, 37 தோல்வி. இரண்டாவது கணக்கிலும் தோல்விதான் அதிகம். ஆனால் முதல் வருஷம் ராத்திரி டிவியை அணைத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டவர்கள், இரண்டாவது வருஷம் கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை உட்கார்ந்து பார்த்தோம்.

2024 எப்படி இருந்தது என்று சொன்னால்தான் இது புரியும். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஓர் அணிக்குச் சீசனுக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் ஆரம்பித்துச் செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஆகவே தோல்வியும் தினமும் வீட்டுக்கு வரும். ஜூலை 10-இல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 ஆட்டங்களில் தோற்றோம். 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் வைத்த மோசமான சாதனையைத் தொட்டோம். ஆகஸ்ட் 6-இல் ஓக்லண்டில் ஒருவழியாக ஜெயித்தோம். இரண்டே நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிரேடி சைஸ்மோரைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். கடைசியில் 41 வெற்றி, 121 தோல்வி. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் புதிதாகத் தொடங்கிய வருஷம் வாங்கிய 120 தோல்விகளைத் தாண்டியது. நவீன காலத்தில் இதைவிட அதிகமாகத் தோற்ற அணி கிடையாது.

"அதிசயம் நடக்காதா?" என்று கேட்பீர்கள். நடக்கும், நடந்தும் இருக்கிறது. அதே 2024-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் ஜூலை 30 அன்று தங்கள் நல்ல பிட்சர் (பந்து எறிபவர்) ஜாக் ஃப்ளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு டிரேட் செய்துவிட்டது, அதாவது வேறு ஆட்டக்காரர்களுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டது. இந்த வருஷம் அவ்வளவுதான் என்று நிர்வாகமே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆகஸ்ட் 10 நிலவரம் 55 வெற்றி, 63 தோல்வி. பிறகு ஆடிய 44 ஆட்டங்களில் 31-ஐ ஜெயித்து, 2014-க்குப் பிறகு முதல் முறையாக ப்ளேஆஃபுக்குள், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகளுக்குள், நுழைந்தார்கள். அதன் முதல் கட்டமான வைல்ட் கார்டு சுற்றில் ஹூஸ்டனையும் வீழ்த்தினார்கள். அவர்கள் அந்த இடத்தை உறுதிசெய்த ஆட்டம் எது தெரியுமா? செப்டம்பர் 27, டெட்ராய்டில், எங்களுக்கு எதிராக. 4-1. எங்களுடைய 121-ஆவது தோல்வியும் அதேதான். ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் ஷாம்பெயின், இன்னொரு பக்கம் அதுவரை சரித்திரத்தில் ஏறாத அவமானம் ஏறிய இரவு.

டைகர்ஸ் கதையை வைத்து உங்கள் அணிக்கும் கணக்குப் போடாதீர்கள். ஆகஸ்டில் அவர்களுக்குத் தோல்வியைவிட வெற்றி எட்டுதான் குறைவாக இருந்தது என்பதையும், அந்த வருஷத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவரான டாரிக் ஸ்கூபல் அவர்களிடம் இருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எனக்கு அவர்களிடம் பிடித்தது வேறொன்று. ஃப்ளாஹர்ட்டிக்குப் பதிலாக வந்தவர்களில் ட்ரே ஸ்வீனி என்ற ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே தடுத்தாடுபவர்) கீழ்மட்டமான மைனர் லீக்கிலிருந்து ஆகஸ்டிலேயே மேலே கொண்டுவந்து தினமும் ஆட வைத்தார்கள். பெரிய பெயர்கள் போன பிறகு களத்தில் நின்றவர்கள் இளைஞர்கள்; அவர்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசரம் இருந்தது. கையை விட்டுப் போன சீசனில் நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்த அவசரத்தை.

அடுத்து டிரேட். ஜூலைக் கடைசி வாக்கில் டிரேட் கெடு முடிவதற்குள் நமக்குப் பிடித்த ஆட்டக்காரர்களில் இரண்டு மூன்று பேர் போய்விடுவார்கள். இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். போகிறார்களே என்று வருந்துவதில் தப்பே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, பதிலுக்கு யார் வருகிறார்கள் என்பதுதான். 2024 ஜூலையில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த டிரேடில் எரிக் ஃபெட்டி, டாமி ஃபாம் இருவரையும் செயின்ட் லூயிஸுக்கும், மைக்கேல் கோப்பெக்கை டாட்ஜர்ஸுக்கும் கொடுத்தோம். அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸ் இறுதித் தொடரான உலகத் தொடரை ஜெயித்து, கோப்பெக் சாம்பியன் மோதிரம் வாங்கினார். எங்களிடம் வந்த மிகேல் வர்காஸ் அந்த வருஷம் மீதி ஆட்டங்களில் .104 சராசரி அடித்தார். பத்து முறை மட்டையோடு போனால் ஒரு முறைதான் ஹிட். சமூக வலைத்தளங்களில் அந்தப் பையனைத் தினமும் கிழித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. 24 வயதுப் பையன், புது ஊர், தோற்றே பழகிப்போன உடைமாற்றும் அறை. யாராக இருந்தாலும் கை நடுங்கும். 2025-இல் அவரைத் தொடர்ந்து ஆட விட்டார்கள். 16 ஹோம் ரன் (பந்தைப் பெரும்பாலும் எல்லைச் சுவருக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். நட்சத்திரம் ஆகவில்லை, ஆனால் மேஜர் லீக் ஆட்டக்காரர் ஆனார். டிரேடில் வந்தவரை இரண்டு மாதத்தில் எடை போடாதீர்கள் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

கேரட் க்ரோஷே விஷயத்தில் பொறுமைக்கு இன்னும் நல்ல பலன் கிடைத்தது. எங்கள் அணியிலேயே பார்க்கத் தகுந்த ஒரே பிட்சர். 2024-இல்தான் முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக ஆனார். 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். இரண்டாம் பாதியில் அவரை நாலு இன்னிங்ஸோடு உட்கார வைத்தார்கள். காசு கொடுத்து அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஏற்கெனவே முழங்கையில் அறுவை சிகிச்சை ஆன கை. தோற்கிற அணிக்காக அதை உடைத்துவிடக் கூடாது. ஜூலையில் அவசரப்பட்டு விற்கவும் இல்லை. டிசம்பரில் பாஸ்டனுக்குக் கொடுத்து நாலு பேரை வாங்கினார்கள். அதில் கேட்சர் கைல் டீல், இன்ஃபீல்டர் சேஸ் மைட்ராத் இருவரும் 2025-லேயே எங்களுக்காக ஆடத் தொடங்கிவிட்டார்கள். க்ரோஷே பாஸ்டனில் பிரமாதமாக வீசுவதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு கனக்கத்தான் செய்கிறது.

"தோற்றால் நல்லதுதானே, டிராஃப்டில் முதல் ஆள் கிடைப்பான்" என்று ஒரு கூட்டம் சொல்லும். டிராஃப்ட் என்றால் அணிகள் முறை வைத்துப் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது. சொந்த அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது ரசிகனுக்கு அழகில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், கணக்கும் ஒத்துவராது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வந்துவிட்டது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரே அளவு, 16.5 சதவீதம். 119 தோல்விக்கும் 105 தோல்விக்கும் அங்கே பேதமில்லை. இன்னொரு விதியும் இருக்கிறது. அணிகளுக்கிடையிலான வருமானப் பகிர்வில் வாங்குகிற இடத்தில் இல்லாமல் கொடுக்கிற இடத்தில் இருக்கும் அணிக்கு, ஒரு வருஷம் குலுக்கலில் இடம் கிடைத்தால் அடுத்த வருஷம் கிடையாது. எங்களுக்கு 2024-இல் ஐந்தாவது இடம் கிடைத்திருந்தது. அதனால் 121 தோல்வி வாங்கிய பிறகு, 2025 டிராஃப்டில் பத்தாவது இடத்தில்தான் ஆளை எடுக்க முடிந்தது. உலகத்திலேயே அதிகமாகத் தோற்றதற்குப் பரிசு பத்தாவது இடம். 102 தோல்வியோடு முடித்த அடுத்த வருஷம்தான் குலுக்கலில் முதல் இடம் விழுந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கோல்சன் மாண்ட்காமரி. 2021-இல் முதல் சுற்றில் எடுத்த ஷார்ட்ஸ்டாப், இடது கை பேட்டர், நெட்டையான ஆள். 2025 ஏப்ரலில் மைனர் லீக்கில் சார்லட் அணிக்காக .149 அடித்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தை நிறுத்தி, அரிசோனாவில் இருக்கும் பயிற்சி முகாமுக்கு அனுப்பி, மட்டை வீச்சை அடியிலிருந்து சரிசெய்ய வைத்தார்கள். திரும்பி வந்தவரை ஜூலை 4 அன்று மேலே கொண்டுவந்தார்கள். அப்போது அணி கடைசி இடம். "ஏற்கெனவே தடுமாறுகிறவனை இந்தச் சேற்றில் ஏன் இறக்குகிறீர்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. இறக்கியது சரி. முதல் இரண்டு வாரம் ஹோம் ரன்னே இல்லை. ஜூலை 22-இல் முதல் ஹோம் ரன். சீசன் முடியும்போது 71 ஆட்டங்களில் 21.

அந்த வீச்சை நேரில் பார்க்க வேண்டும். பந்து வரும்வரை தோளில் அவசரம் தெரியாது. முன்கால் மெல்ல இறங்கும், இடுப்பு முதலில் திரும்பும், கைகள் கடைசியில்தான் வரும். உள்பக்கம் தாழ்வாக வந்த பந்தைக் கீழிருந்து தூக்கினால், சத்தத்தை வைத்தே வலப்பக்க ரசிகர்கள் எழுந்துவிடுவார்கள். எங்கள் மைதானத்தில் ஹோம் ரன் அடித்தால் ஸ்கோர்போர்டு மேலே வாணவேடிக்கை. 2024-இல் அந்த வேடிக்கையையே அபூர்வமாகத்தான் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் அந்த வெடிச்சத்தம் திரும்ப வந்தபோது பட்டியலில் எத்தனாவது இடம் என்று எனக்கு நினைவே இல்லை.

உங்கள் அணி உண்மையில் முன்னேறுகிறதா என்பதை அறிய ஒரே ஓர் எண்ணைக் கவனியுங்கள். அடித்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம். 2024-இல் எங்களுக்கு மைனஸ் 306. 2025-இல் மைனஸ் 95. வெற்றிக் கணக்கில் 41 என்பது 60 ஆனது. ஆனால் இந்த எண்ணைப் பார்த்தால் அணி அதைவிடப் பெரிதாக மாறியிருப்பது தெரியும். ஒரு ரன்னில் கைநழுவிய ஆட்டங்கள் அவ்வளவு. 9-1 என்று தோற்ற அணி 4-3 என்று தோற்கத் தொடங்கினால் அதற்கு அர்த்தம் உண்டு.

முதலாளியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1981-இலிருந்து எங்கள் அணியின் கட்டுப்பாட்டை வைத்திருப்பவர். 2024 செப்டம்பர் 24 அன்று ஏஞ்சல்ஸுடன் எங்கள் ஊரில் ஆட்டம். அதுவரை 120 தோல்வி. இன்னொன்று தோற்றால் சரித்திரம் என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம் கூடியிருந்தது. நானும் மேல் தளத்தில் இருந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்தார்கள். பக்கத்தில் தலை நரைத்த ஒருவர், 2005-இல் உலகத் தொடர் ஜெயித்தபோது வாங்கிய தொப்பி, வெயிலில் வெளுத்துப்போனது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அணியை விற்றுவிட்டுப் போ" என்று மொத்தக் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார். அதே மூச்சில், ஓடிவந்து ரன் எடுத்த பையனுக்குக் கைதட்டினார். ரசிகர்கள் அணியை வெறுத்துவிட்டார்கள் என்று எழுதியவர்கள் அந்த மனிதரைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டக்காரன் மேல் பாசம், நிர்வாகத்தின் மேல் கோபம். இரண்டையும் சேர்த்து வைத்திருக்கச் சீசன் டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூனில் ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளரோடு ஓர் ஒப்பந்தம் அறிவித்தார்கள். 2029-க்கு முன்பு கட்டுப்பாடு கைமாறாது. ஆக இன்னும் சில ஜூலைகள் இதே முதலாளியோடுதான். நாங்கள் கேட்பது பெரிதாக எதுவுமில்லை: வளர்த்த பையன்களைக் கையில் காசு இல்லை என்று சொல்லிப் பறிகொடுக்காதீர்கள், இரண்டு நல்ல பிட்சர்களுக்குச் சந்தை விலையைக் கொடுங்கள்.

உங்கள் அணிக்கும் இதையே செய்து பாருங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேட்டிங் வரிசையை எடுத்து, 26 வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்து, ஆறு பேர் இருந்தால் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள். செவ்வாய், புதன் ராத்திரி விலையும் குறைவு. வருஷக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிற 33 வயதுக்காரர்களே அப்போதும் நிறைந்திருந்தால், செப்டம்பரில் அணி 26-இலிருந்து 28 பேராகும்வரை பொறுங்கள். அப்போதும் மைனர் லீக்கிலிருந்து யாரையும் மேலே கொண்டுவரவில்லை என்றால், அடுத்த வருஷச் சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கேட்டு வரும் தொலைபேசியில் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.