பழைய ப்ளைவுட்டில் சர்ஃப் பலகை: முதல் வேலை அடுப்பில்

கேள்வி: கோவளத்தில் ஒரு வருடமாக சர்ஃபிங் பழகுகிறேன், வாடகைப் பலகையில்தான். அப்பாவின் தச்சுப் பட்டறையில் அலமாரி, கட்டில் பிரித்த ப்ளைவுட் நிறையக் கிடக்கிறது. அதை வைத்து, உள்ளே கூடாக இருக்கும் ஒன்பது அடிப் பலகை ஒன்றைச் செய்ய முடியுமா? தண்ணீர் உள்ளே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: செய்யலாம். ஆனால் பட்டறையில் கிடப்பதில் பெரும்பகுதி இதற்கு ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது ஆகும் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய பாத்திரமும் அடுப்பும் போதும்.

ஒவ்வொரு பலகையிலிருந்தும் மூன்று அங்குலத் துண்டு ஒன்றை அறுத்து, எட்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். (சமையல் பாத்திரம் வேண்டாம், அம்மாவிடம் திட்டு வாங்குவீர்கள்.) எடுத்து ஆறவிட்டு, விளிம்பில் உளி நுனியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். அடுக்குகள் ஏடு ஏடாகப் பிரிந்தால் அந்தப் பலகையை மறந்துவிடுங்கள். அலமாரிகளுக்குப் பெரும்பாலும் போடுவது எம்.ஆர். (ஈரம் தாங்கும்) ரகம். அதில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரக்காற்றைத் தாங்கும், ஊறினால் விட்டுவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்தில் வரும் மரைன் ப்ளைவுட்டில் ஃபீனால் பசை. அதைத் தரச் சோதனையிலேயே 72 மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். ஃபீனால் பசைக்கோடு விளிம்பில் கரும்பழுப்பாகத் தெரியும், ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

"மேலே எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் ரெசின்) பூசப் போகிறோமே, எம்.ஆர். போதாதா?" என்று கேட்பீர்கள். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே நகர ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது உங்கள் கால் உள்ளே போயிருக்கும்.

அடுத்தது எடை. ஒன்பது அடி நீளம், 22 அங்குல அகலப் பலகைக்கு மேல்தோல், அடித்தோல் (கூட்டை மேலும் கீழும் மூடும் ப்ளைவுட்) இரண்டும் சேர்ந்து சுமார் 2.5 சதுர மீட்டர் வரும். அலமாரிப் பக்கப் பலகை 18 மி.மீ. கனம். அதில் தோல் போட்டால், தோல் மட்டுமே 27 கிலோ. அதைக் கடற்கரை வரை தூக்கிப் போவதற்குள் அலை அடங்கிவிடும். 4 மி.மீ. என்றால் ஆறு கிலோ, 3 மி.மீ. என்றால் நாலரை. உள்ளே தாங்கும் எலும்புக்கூடு, விளிம்புக் கட்டைகள், கண்ணாடி இழை, ரெசின் எல்லாம் சேர்த்து 11 அல்லது 12 கிலோவில் முடித்தால் நல்ல வேலை. ஃபோம் பலகையைவிடக் கனம்தான், ஆனால் கையால் துழாவி வேகம் எடுத்தபின் அந்தக் கனமே வேகம் குறையாமல் கொண்டுபோகும். கனமான பலகை கைவிட்டுப் போனால் பக்கத்தில் இருப்பவர் மண்டையைப் பதம் பார்க்கும் என்பதால் பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிறு இல்லாமல் இறங்காதீர்கள்.

எடைதான் இந்தக் கூடு பலகை பிறந்த காரணமும். 1920களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் ஹவாயின் பழைய நீளப் பலகைகளைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்யப் போனார். ரெட்வுட் கட்டை தாங்க முடியாத கனம். அதில் நூற்றுக்கணக்கில் துளை போட்டு, மேலே மெல்லிய மரத்தால் மூடினார். பிறகு துளையை விட்டுவிட்டு, விலா எலும்பு வைத்துத் தோல் ஒட்டும் முறைக்கு வந்தார். 1932இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நீங்கள் செய்யப்போவது அதைத்தான்: நடுவில் நீளமாக ஒரு தண்டு, குறுக்கே விலாக்கள், மேலும் கீழும் தோல்.

ஆகவே என் யோசனை இது. கொதிநீரில் தேறிய பழைய பலகைகளை எலும்புக்கூட்டுக்கு வையுங்கள். விலாவுக்கு 6 மி.மீ. போதும். கட்டடம் கட்டும் இடத்தில் சென்ட்ரிங்குக்கு ஓடிக் கழித்த 12 மி.மீ. ஷட்டரிங் ப்ளைவுட் கிடைத்தால் நடுத்தண்டுக்கு அருமை. சிமென்ட்டைச் சுரண்டி, ஆணி தேடி எடுத்துவிட்டு அறுங்கள். தோலுக்கு மெல்லிய பழைய பலகை தேறவில்லையென்றால் கஞ்சத்தனம் பார்க்காமல் புதிய மரைன் ஷீட் வாங்குங்கள். சன்மைக்கா ஒட்டியிருந்த பலகை என்றால், பழைய பசை முழுவதும் போய் மரம் தெரியும்வரை தேய்க்கவேண்டும். இல்லாவிட்டால் எபாக்ஸி மரத்தில் ஒட்டாமல் பழைய பசையில்தான் ஒட்டும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம். ப்ளைவுட் ஒரு பக்கமாக வளையும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வளையாது. பலகைக்கோ மூக்கும் வாலும் மேலே தூக்கவேண்டும், குறுக்கே நடு மேடாகவும் விளிம்பு தாழ்வாகவும் இருக்கவேண்டும். முழு ஷீட்டைப் போட்டு கிளாம்ப்பால் நெருக்கினால் மூக்குப் பக்கம் மடிப்பு விழும், இல்லை டப்பென்று உடையும். ஷீட்டாகப் போடாமல் மூன்று, நான்கு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, நடுத்தண்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போங்கள். பழைய துண்டுகளுக்கும் இதுவே வசதி. நீளத்துக்கு இணைக்கும்போது முனைகளைச் சரிவாகச் சீவி ஒட்டுங்கள்; கனத்தைப்போல் எட்டு மடங்கு சரிவு, அதாவது 4 மி.மீ. பட்டைக்கு 32 மி.மீ. இணைப்புகள் ஒரே வரிசையில் வரக்கூடாது. நீங்கள் நிற்கும் இடத்திலும் வேண்டாம். அங்கே விலாக்களையும் நெருக்கிப் போடுங்கள், 20 செ.மீ.க்கு ஒன்று. மற்ற இடத்தில் 30 செ.மீ. போதும். முதல் பலகைக்கு மூக்கு 10 செ.மீ., வால் 6 செ.மீ. தூக்கினால் சரியாக இருக்கும். விளிம்புக்கு ரீப்பர் கட்டைகளை அடுக்கி ஒட்டி, இழைப்புளியால் உருட்டுங்கள். அவ்வளவு கிளாம்ப்புக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி நீளவாக்கில் கிழித்து இறுகச் சுற்றுங்கள், எந்தக் கிளாம்ப்பும் அந்த வளைவை அப்படிப் பிடிக்காது. ஃபின் (அடியில், வால் பக்கம் நிற்கும் துடுப்பு) வரும் இடத்திலும் கால்கயிறு மாட்டும் இடத்திலும் மூடுவதற்கு முன்பே கட்டை வைத்துவிடுங்கள்.

பசை எபாக்ஸிதான். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும். படகுக்காரர்கள் வைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தை எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. நம் வெயிலுக்கு, ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் ஹார்டனரில் மெதுவாக இறுகும் வகையைக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பூச்சைக் காலையில் ஆரம்பிக்காதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ரெசினில் கொப்புளம் கொப்புளமாக வரும். சாயங்காலம், சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதே காற்றுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில். தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டால் பலகை கெட்டுவிடும். 25 டிகிரியில் மூடிய பலகை வெயிலில் 60 டிகிரி வரை சூடானால் உள்ளே அழுத்தம் 12 சதவீதம் ஏறும். கேட்கச் சின்னதாக இருக்கும். சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று சொன்னால் புரியும். என் முதல் பலகையை, அதன் காற்றுத்துளையின் மூடியைத் திருகியபடியே, வண்டி மேல் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது மேல்தோல் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: சூடான பலகையை மூடிக் கடலில் இறக்கினால் உள்காற்று சுருங்கி, ஊசித்துளை வழியாகக்கூடத் தண்ணீரை உறிஞ்சும்.

ஆகவே மேல்தோலில், மூக்குப் பக்கம், ரப்பர் வளையம் போட்ட பித்தளைத் திருகுமூடி ஒன்று வையுங்கள். கரையில் எப்போதும் திறந்திருக்கட்டும். கடற்கரையில் நிழலில் கொஞ்சம் ஆறவிட்டு, இறங்கும் முன் மூடுங்கள். எல்லா விலாவிலும் பெரிய துளை வேண்டும், எடை குறையும். மேலே கீழே ஓரத்திலும் சின்னத் துளை வேண்டும், அப்போதுதான் எந்த அறையில் தண்ணீர் சேர்ந்தாலும் மூடி வரை ஓடி வரும். தோல் ஒட்டிய பிறகு இதைத் திருத்த முடியாது.

கடலுக்குக் கொண்டுபோகும் முன் பலகையைத் தொங்கு தராசில் மாட்டி எடை குறித்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி, ஒரு கிணற்றுத் தொட்டியிலோ குளத்திலோ மேலே கனம் வைத்து அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். எடுத்து நன்றாகத் துடைத்து மறுபடி நிறுங்கள். எடை கூடியிருந்தால் மூடியைக் கழற்றி, பலகையைச் சாய்த்து வடித்துக் காயவிடுங்கள். பிறகு தோல் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவி, மூடி இருந்த துளையில் ஒரு குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள், கம்ப்ரசர் வேண்டாம். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு எபாக்ஸி கலக்கப் போகலாம்.