தென்கொரியாவின் தயக்கம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானுடன் ராணுவத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளப்போவதாகத் தென்கொரியா 2019இல் அறிவித்ததைப் பற்றி அண்மையில் படித்தேன். இரு நாடுகளுக்கும் அச்சுறுத்தல் வடகொரியாதான். இரண்டுமே அமெரிக்காவின் கூட்டாளிகள். பிரான்சும் ஜெர்மனியும் பகையை மறந்து கைகோத்துவிட்டபோது இவர்களால் மட்டும் ஏன் முடியவில்லை? எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஜப்பானிய ஆட்சியின் பழைய காயத்தைக் கிளறுவது, நாட்டின் பாதுகாப்பைவிட உணர்ச்சியைப் பெரிதாகக் கருதுவது ஆகாதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

அந்த ஒப்பந்தம் தேவை என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. வடகொரியா ஓர் ஏவுகணையைச் செலுத்தினால், அது கிளம்புவதை முதலில் காண்பவை தென்கொரிய ராடார்கள். பூமியின் வளைவினால் அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடும் இறுதிக் கட்டத்தை ஜப்பானியக் கப்பல்கள்தாம் நன்றாகக் காண முடியும். (அது விழும் கடலுக்கே இருவருக்கும் பொதுப்பெயர் இல்லை: கொரியர்களுக்கு அது கிழக்குக் கடல், ஜப்பானியர்களுக்கு ஜப்பான் கடல்.) 2014இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இத்தகவல்கள் அமெரிக்காவின் வழியாகவே கைமாறின, விரைவு தேவைப்படும் வேளையில் அது சுற்றுவழி.

ஆனால் அதைத் தவிர்க்கும் இந்த நேரடி ஒப்பந்தம் எப்படிக் கையெழுத்தானது என்பதையும் பார்க்க வேண்டும். 2012 ஜூனில் அமைச்சரவை அதற்கு ஓசையின்றி ஒப்புதல் கொடுத்தது வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்ததால், கையெழுத்தாவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது தென்கொரிய அரசு பின்வாங்கியது. 2016 நவம்பர் 23 அன்று, அதிபர் பார்க் குன் ஹே ஊழல் புகாரில் சிக்கி லட்சக்கணக்கானோர் தெருவில் மெழுகுவத்தி ஏந்தி நின்ற நாட்களில், ஒரு மாதத்துக்குள் பேச்சை முடித்துச் சியோலில் கையெழுத்திட்டார்கள். நிகழ்ச்சிக்குள் அனுமதிக்கப்படாத பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தங்கள் கேமராக்களைத் தரையில் வைத்துவிட்டு, ஜப்பானியத் தூதர் நடந்து வந்த வழியின் இருபுறமும் நின்றார்கள். மக்களிடம் சொல்லத் தயங்கிச் செய்த காரியத்தை மக்கள் தம்முடையதாகக் கருதவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1965இல் ஜப்பானுடன் உறவைச் சீராக்கியவர் இந்த அதிபரின் தந்தை பார்க் சுங் ஹீ. அதற்கு முந்தைய ஆண்டு, அந்தப் பேச்சை எதிர்த்த மாணவர்களை அடக்கச் சியோலில் ராணுவச் சட்டத்தையே பிறப்பித்தவர் அவர். ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கொடுக்க, கோரிக்கைகள் அனைத்தும் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்துவிட்டதாக எழுதிக்கொண்டார்கள். 1910 முதல் 1945 வரை கொரியாவில் நீடித்த தன் ஆட்சி சட்டவிரோதமானது என்று அதில் ஜப்பான் ஒப்புக்கொள்ளவில்லை. பணத்தின் பெரும்பகுதி போஹாங் எஃகு ஆலை போன்ற தொழில்களுக்குப் போயிற்று. அந்த ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் கைக்கு வந்தது மிகக் குறைவு. 2018 அக்டோபரில் ஜப்பானிய எஃகு நிறுவனம் ஒன்று இழப்பீடு தர வேண்டும் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வழக்குத் தொடுத்த நால்வரில் ஒருவர் மட்டுமே உயிரோடிருந்தார். அவருடைய கோரிக்கையை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஜப்பான், குறைகடத்தித் தொழிலுக்கு இன்றியமையாத மூன்று பொருட்களின் ஏற்றுமதியை இறுக்கியது. பாதுகாப்பு சார்ந்த நம்பிக்கை குலைந்ததையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. நம்பிக்கை இல்லை என்று சொல்பவரோடு ராணுவ ரகசியத்தை எப்படிப் பகிர்வது என்று தென்கொரியா கேட்டது நியாயமான கேள்வி. ஆயினும் அதற்கு விடையாக ஒப்பந்தத்தையே பணயம் வைத்தது தவறு என்றுதான் நினைக்கிறேன். வடகொரியா அடுத்தடுத்து ஏவுகணைகளைச் சோதித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நவம்பர் 22 அன்று, ஒப்பந்தம் காலாவதியாகச் சில மணி நேரமே இருந்தபோது, தென்கொரியா தன் அறிவிப்பை நிறுத்திவைத்தது.

பிரான்சும் ஜெர்மனியும் மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மானியரோடு பொதுப்படை அமைக்கும் திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1954இல் கைவிட்டது. 1963இல் இரு நாடுகளின் நட்புறவுக்கான எலிசே ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அதில் மறதிக்கு வேலையில்லை. பாதுகாப்பு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், படைத் தலைமை அதிகாரிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் சந்தித்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதைவிட முக்கியமாக, ஆக்கிரமித்தது யார் என்பதில் அவ்விரு அரசுகளுக்கும் இடையே வழக்கு இருக்கவில்லை.

2023 மார்ச் 6 அன்று, அத்தகைய தீர்ப்புகளின்படி ஜப்பானிய நிறுவனங்கள் தர வேண்டிய இழப்பீட்டைத் தென்கொரிய அறக்கட்டளை ஒன்றே கொடுக்கும் என்று சியோல் அறிவித்தது. அதற்குப் பணம் தர முன்வந்தது, 1965இன் பணத்தால் எழுந்த அதே போஹாங் எஃகு நிறுவனம். பதினைந்து நாள் கழித்துத் தகவல் ஒப்பந்தம் முழுமையாக மீட்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஏவுகணை எச்சரிக்கைத் தகவல்கள் அமெரிக்காவையும் சேர்த்து மூன்று நாடுகளுக்குமிடையே உடனுக்குடன் போய்வருகின்றன. அவ்வழக்குகளில் வென்றவர்களுள் அப்போது உயிரோடிருந்த மூன்று முதியவர்களோ, ஜப்பான் தராத அந்தப் பணத்தை வாங்க அப்போது மறுத்துவிட்டார்கள்.