பம்ப் செட் பெட்டிக்குள்ள இருந்த அந்த ஒத்த பேப்பர்

அண்ணா, உங்க பொண்ணு பாப்பாவோட மேல்படிப்பு விஷயமா யோசனை கேட்டு நேத்து நீங்களும் அக்காவும் அவளும் என்கிட்ட வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு அதே நெனப்பாவே இருக்கு. அக்கா கண்ணு கலங்குனதைப் பாத்து "பயப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா அமையும்"னு சொல்லி அனுப்பிட்டேன், அப்படி அனுப்பினது தப்பு. இப்ப நேராவே சொல்லிடறேன், டாலஸ்ல இருக்கற உங்க மச்சான் சொல்றாருங்கறதுக்காக பாப்பாவை எம்எஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் அனுப்ப சூலூர்ல இருக்கற விவசாயக் காட்டை அடமானம் வெக்காதீங்க.

50 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, பத்து வருஷம்னு வெச்சுக்கிட்டா மாசம் கிட்டத்தட்ட 69 ஆயிரம் கட்டணும். கட்டப்போறது மச்சான் இல்லைங்கண்ணா, பாப்பா. நீங்க வண்டி எடுக்கப் போன நேரத்துல அவகிட்ட தனியா கேட்டேன், "கோடிங் புரியுது மேடம், ஆனா நாள் பூரா அதுலயே உக்கார முடியல"ன்னா. இசிஇ நல்ல மார்க்குல முடிச்ச புள்ள இதைச் சொல்லவே அவ்ளோ தயங்குறா, அதை நாம காதுல வாங்கித்தான் ஆகணும்.

அப்புறம் அந்த பேப்பர். மார்க் ஷீட் ஃபைலுக்குள்ள நாலா மடிச்சு வெச்சிருந்தா, உங்க மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது) பெட்டிக்குள்ள போடறதுக்கு, பம்பை எப்படி ஓட்டறதுன்னு அவ எழுதினதாம். இதுக்கு முன்னாடி பெட்டியில போட்ட பழைய தாள்ல இங்கிலீஷ்ல 14 பாயின்ட், சுவிட்ச் போடறது நாலாவதா வருது, தண்ணி ஊத்தி ப்ரைமிங் பண்றது ஒம்போதாவதா வருது, அப்புறம் எந்த விவசாயி ஒம்போதாவது வரைக்கும் படிப்பாரு, வறண்டபடியே ஓட விட்டு, தண்ணி கசியாம தடுக்கற மெக்கானிக்கல் சீல் போயி உங்களுக்குத்தான் போன் வந்திருக்கு. பாப்பா எழுதினதுல முதல் கட்டத்துல பிளக்கைக் கழட்டி தண்ணி ஊத்தற கை படம், அதுக்குக் கீழ ரெண்டே வரி: "தண்ணி நிரம்பி வழியற வரைக்கும் ஊத்துங்க. அதுவரைக்கும் சுவிட்ச் போடாதீங்க." இந்த ரெண்டு வரிக்காக ஃபிட்டர் கூட ரெண்டு நாள் கிணத்து மேட்டுல நின்னு, யாரு எங்க தடுமாறுறாங்கன்னு பாத்திருக்கா. நீங்க "அது லீவுல சும்மா பண்ணிட்டிருந்தா"ன்னு சொன்னீங்க. சும்மா இல்லைங்கண்ணா, அதுதான் வேலையே.

இதுக்கு டெக்னிக்கல் கம்யூனிகேஷன்னு பேரு, மாஸ்டர்ஸ் வரைக்கும் படிப்பு இருக்கு. இங்கிலீஷ் லிட்டரேச்சர் மாதிரியான்னு அக்கா கேட்டாங்க, இல்லைங்க. ஒரு பொருளை உருவாக்குறவனுக்கும் அதைப் பயன்படுத்தறவனுக்கும் நடுவுல நின்னு, யாரும் தப்பு பண்ணாத மாதிரி எழுதறது. சாஃப்ட்வேர் கம்பெனில ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணோட பேசற வழி) டாக்குமென்ட் எழுதறவங்க, மெடிக்கல் டிவைஸ்ல உபயோகிக்கற முறை எழுதறவங்க, ஃப்ளைட் மெயின்டனன்ஸ் மேனுவல் எழுதறவங்க எல்லாம் இதுல வர்றாங்க. ஃப்ளைட் மேனுவலுக்கு எஸ்டிஇ, அதாவது சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்னு ஒரு கட்டுப்படுத்தின இங்கிலீஷே இருக்கு, செய்முறை வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக்கூடாது, 'க்ளோஸ்'னு எழுதினா மூடறதுன்னு மட்டும்தான் அர்த்தம், 'பக்கத்துல'ங்கற அர்த்தத்துல அதை எழுதவே கூடாது. மெக்கானிக் எந்த ஊருக்காரரா இருந்தாலும் குழம்பக்கூடாதுன்னு அவ்ளோ கெடுபிடி. டிட்டா-ன்னு மேனுவல்களைத் துண்டு துண்டா எழுதி வெக்கற ஒரு முறை இருக்கு, ஐபிஎம் கம்பெனில உருவாகி 2005-ல பொதுத் தரமா வந்தது, ஒரு எச்சரிக்கையை ஒரே இடத்துல எழுதி வெச்சு நாப்பது மேனுவல்ல இழுத்துக்கலாம், மாத்தணும்னா ஒரு இடத்துல மாத்தினா போதும். உங்க தொழிலுக்கே வர்றேன், நாளைக்கு நீங்க பம்பை ஐரோப்பாவுக்கு அனுப்பணும்னா விக்கற நாட்டோட மொழியில மேனுவல் கூடவே போகணும்னு அங்க சட்டம் இருக்கு. அந்த ஊர்ல பேப்பரும் பம்போட ஒரு பாகம்தான்.

எங்க படிக்கறது? மச்சான் இருக்கற டாலஸ் பக்கத்துல டென்டன்ல யூனிவர்சிட்டி ஆஃப் நார்த் டெக்ஸஸ்ல ப்ரொஃபஷனல் அண்ட் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் எம்ஏ இருக்கு, அவர் வீட்டுல இருந்து கார்ல போற தூரம்தான், அவருக்கே தெரிஞ்சிருக்காது. லப்பக்ல டெக்ஸஸ் டெக், ராலேல நார்த் கரோலினா ஸ்டேட் ரெண்டுமே இந்தத் துறைல பேரு உள்ள இடங்க. இந்த மாதிரி டிபார்ட்மென்ட்ல அசிஸ்டன்ட்ஷிப் கேட்டு அப்ளை பண்ணலாம், ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ரைட்டிங் கிளாஸ் எடுத்தா மாசச் சம்பளம் வரும், ஃபீஸும் பெரும்பகுதி கழியும். எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்கலன்னா போகக்கூடாது, இதுல நான் இறங்கி வர மாட்டேன். இன்னொண்ணு, அமெரிக்கால எந்தக் கோர்ஸ்னாலும் அதோட சிஐபி கோட் (அது எந்தத் துறைப் படிப்புன்னு காட்டற நம்பர்) என்னன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. எழுத்துத் துறை கோட்ல இருந்தா படிச்சு முடிச்சு அந்தப் படிப்பு விசாவுல ஒரு வருஷம்தான் வேலை பாக்க முடியும், ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) கோட்ல இருந்தாத்தான் கூட ரெண்டு வருஷம். இதைக் கேக்காம ஃபீஸ் கட்டிட்டு அழுத புள்ளைங்களை என் ரூம்லயே பாத்திருக்கேன்.

எனக்கு மனசுல நிக்கறது அயர்லாந்துதான். லிமெரிக் யூனிவர்சிட்டில டெக்னிக்கல் கம்யூனிகேஷனும் இ-லேர்னிங்கும் சேர்ந்த எம்ஏ, ஒரே வருஷம், ஆன்லைன்லயும் படிக்கலாம். நேர்ல போய் மாஸ்டர்ஸ் முடிச்சவங்க ரெண்டு வருஷம் வரைக்கும் தங்கி வேலை தேடலாம், பக்கத்துல கால்வே பூரா மெடிக்கல் டிவைஸ் கம்பெனிங்க. ஒரு வருஷச் செலவுங்கறதே உங்க கணக்குல பாதி பாரத்தைக் குறைக்கும்.

ஏஐ வந்துருச்சே, இதெல்லாம் அதுவே எழுதிடாதான்னு நீங்க கேட்டது நியாயமான கேள்வி, மறைக்க மாட்டேன். 1953-ல ஆரம்பிச்ச அமெரிக்க டெக்னிக்கல் கம்யூனிகேஷன் சொசைட்டியே 2025 ஜனவரில மூடிட்டாங்க. சும்மா வாக்கியத்தைத் திருத்திக் கொடுக்கற வேலை குறையும். ஆனா தண்ணி ஊத்தாம சுவிட்ச் போடறாங்கன்னு கிணத்து மேட்டுல நின்னு கண்டுபிடிச்சது பாப்பாதான், அது நின்னு பாக்கறவங்களுக்குத்தான் தெரியும். இந்த நிலைமையால தான் கடன் வாங்கிட்டு முதல்லயே ஓடக்கூடாதுங்கறேன், ஆன்லைன்னாலும் சரி நேர்ல போனாலும் சரி.

இப்ப செய்ய வேண்டியது, ரெண்டு வருஷம் சென்னைலயோ பெங்களூர்லயோ டெக்னிக்கல் ரைட்டரா வேலைக்குப் போகட்டும். கூகுள் டெக்னிக்கல் ரைட்டிங் கோர்ஸ் இலவசமாவே இருக்கு, டாக்குமென்ட் எழுதறதுக்கான மார்க்டவுனும், மாத்தினதையெல்லாம் கணக்கு வெச்சுக்கற 'Git'-ங்கற சாஃப்ட்வேரும் கத்துக்கட்டும், யாரு வேணா சேந்து உருவாக்கற ஏதாவது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டுக்கு டாக்குமென்ட் எழுதிக் கொடுக்கட்டும், எழுதினதையெல்லாம் சேத்து வெச்சா அதுதான் போர்ட்ஃபோலியோ. அதுக்கப்புறமும் இதுலயே இருக்கணும்னு தோணுச்சுன்னா மாஸ்டர்ஸ் போகட்டும், அப்ப அவ சம்பாத்தியத்துல ஒரு பங்கு இருக்கும், காடு உங்க பேர்லயே இருக்கும்.

மச்சான்கிட்ட நானே பேசறேன், நம்பர் அனுப்புங்க. சனிக்கிழமை பாப்பாவை மட்டும் வரச்சொல்லுங்க, அந்தப் பழைய 14 பாயின்ட் தாளையும் மறக்காம எடுத்துட்டு வரட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போர்ட்ஃபோலியோவோட முதல் பக்கத்தை அன்னிக்கே ரெடி பண்ணிடலாம்.