எச்சில் டிரம்மில் என்ன இருக்கிறது? கல்லூரி வளாகக் குப்பை: கேள்வி பதில்

நான் வேதியியல் ஆசிரியை. பன்னிரண்டு வருடமாகப் பெண்கள் விடுதியின் துணை வார்டனாகவும் இருக்கிறேன். விடுதிப் பொறுப்போடு குப்பைப் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. மாணவர்கள், மெஸ் ஆட்கள், மற்றக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளுக்கு, செய்து பார்த்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு, மெஸ் கமிட்டி மாணவர்: மேடம், எங்கள் காலேஜில் பசுமை வளாகக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். மரம் நடலாம், சோலார் போடலாம் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

எடைத் தராசிலிருந்து ஆரம்பியுங்கள், தம்பி. விடுதியிலிருந்து தினமும் வெளியே போகும் குப்பையில் பெரும்பங்கு சாப்பாடுதான். அதை எடை போடாமல் செய்யும் எந்த வேலையும் குத்துமதிப்புதான்.

மெஸ்ஸில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் இருக்கும். ஒரு வாரம், ஒரு வேளையாவது அதன் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் முதல் தடவை நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெண்பொங்கல் நாள். பாதி தின்ற பொங்கல் வரும் என்று நினைத்துத்தான் நின்றேன். தொடாத பொங்கல், கரண்டி வைத்த வடிவம் கலையாமல் அப்படியே வந்து விழுந்தது. நடுவில் மட்டும் வடைக்கும் சாம்பாருக்கும் இடம் பண்ணிய பள்ளம் இருந்தது. பிள்ளைகளுக்கு வேண்டியது வடை. பொங்கல் அதோடு சேர்ந்து வந்த பாரம்.

அன்றைக்குத்தான் ஒரு டிரம்மை மூன்றாக்கினோம். காய் நறுக்கிய கழிவு ஒன்றில், பாத்திரத்தில் மிஞ்சியது ஒன்றில், தட்டில் மிஞ்சியது ஒன்றில். மூன்றையும் தனித்தனியே எடை போட்டு, வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதுங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. பாத்திரத்தில் மிஞ்சினால் தலை எண்ணிக்கை தப்பு. தட்டில் மிஞ்சினால் ருசி தப்பு, இல்லை கரண்டி பெரிது.

விடுதி மெஸ் மேலாளர்: பிள்ளைகள் வேண்டிய மட்டும் வாங்கிவிட்டுக் கொட்டுகிறார்கள். அபராதம் போடலாமா?

வேண்டாம் ஐயா. அபராதம் போட்டால் சாப்பாட்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றி அறைக்குக் கொண்டுபோய்க் கழிப்பறையில் போடுவார்கள், குழாய் அடைக்கும். ஒரு விடுதியில் நான் பார்த்த காட்சி இது.

கரண்டியை மாற்றுங்கள். சோற்றுக்குப் பெரிய அள்ளுகரண்டிக்குப் பதில் சின்னது. 'இன்னும் வேணுமா?' என்று கேட்டு இரண்டாவது தடவை போட ஒரு ஆள். இரண்டாவது தடவை கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் முதல் தடவையே யாரும் மலையாகக் குவிப்பதில்லை. அந்த நம்பிக்கை இல்லாத மெஸ்ஸில்தான் தட்டு நிரம்புகிறது. எட்டரை மணிக்கு வருகிற பிள்ளைக்குச் சட்னி தீர்ந்துபோயிருந்தால், மறுநாள் ஏழரைக்கே வந்து மூன்று கரண்டி வாங்கும்.

அப்புறம், வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குப் போகிறவர்களின் கணக்கை வியாழன் இரவு அறைவாரியாக எழுதி வாங்குங்கள். வார இறுதியில் பாத்திரத்தில் மிஞ்சுவது குறைந்தது எங்களுக்கு இந்த ஒரு நோட்டால்தான். கை படாமல் மிஞ்சியதைச் சூடு ஆறுவதற்குள் பக்கத்து இல்லத்துக்கு அனுப்பலாம். தட்டில் மிஞ்சியதைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கலைக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவி: உரக்குழி போட்டோம் மேடம். பத்தே நாளில் நாற்றம், புழு. முதல்வர் மூடச் சொல்லிவிட்டார். எங்கே தப்பு?

பத்தில் ஒன்பது கல்லூரி உரக்குழி இப்படித்தான் மூடப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காரணமும் ஒன்றுதான். சோற்றை மட்டும் கொட்டியிருப்பீர்கள், சருகு போட்டிருக்க மாட்டீர்கள்.

மெஸ் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். நுண்ணுயிர் நன்றாக வேலை செய்ய, நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். அந்தக் கார்பன் காய்ந்த இலையில் இருக்கிறது. ஒரு கூடை சாப்பாட்டுக் கழிவுக்கு இரண்டு, மூன்று கூடை சருகு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சி மரத்து இலை சின்னது, அப்படியே போடலாம். தேக்கு, பாதாம் இலை என்றால் நொறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் ஓலைப்பாய் விரித்த மாதிரி அடுக்காகப் படிந்து காற்றை அடைத்துவிடும். காற்று போகாத இடத்தில்தான் அழுகல் நாற்றம் வருகிறது.

ஈரம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்துக் கையால் இறுக்குங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் சருகு போதவில்லை. உள்ளங்கை நனைந்து, உருண்டை உடையாமல் நின்றால் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். குவியல் சரியாக வேலை செய்தால் மூன்றாம் நாள் உள்ளே கை வைக்க முடியாது, 55, 60 டிகிரி சூடு ஏறும். அந்தச் சூட்டில் ஈ முட்டை பிழைக்காது, களை விதையும் பெரும்பாலும் செத்துவிடும். வாரம் ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். மேலே எப்போதும் நாலு விரற்கடை சருகுப் போர்வை இருக்கட்டும், ஈ வராது.

முதல்வரிடம் மறுபடி அனுமதி கேளுங்கள். இந்தத் தடவை முதலில் சருகைச் சேர்த்து வைத்துவிட்டு, அப்புறம் சோற்றைக் கொண்டு வாருங்கள்.

தோட்டப் பராமரிப்பு மேற்பார்வையாளர்: சருகை எரித்துவிடுவதுதான் எங்களுக்குச் சுலபம். குவித்து வைத்தால் பாம்பு வருகிறது என்கிறார்கள்.

கம்பிவலையால் ஆளுயர வட்டக் கூண்டு செய்து, நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். தரையில் பரவிக் கிடக்காது, பயமும் குறையும். எரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வகுப்பறைக்குப் பக்கத்தில் எரியும் சருகுப்புகை வீசிங் உள்ள பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு மாணவி சருகு இல்லாமல் தவிக்கிறாள், அதையும் பாருங்கள்.

இயந்திரவியல் துறை ஆசிரியர்: உரத்தை விட பயோகேஸ் லாபமில்லையா?

லாபம்தான், ஆள் இருந்தால். 100 கிலோ மெஸ் கழிவிலிருந்து சுமாராக 8 முதல் 10 கன மீட்டர் வாயு வரும். சமையல் கேஸ் கணக்கில் நாலு கிலோ அளவு. 19 கிலோ வணிக சிலிண்டர் விலையோடு நீங்களே பெருக்கிப் பாருங்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'நிசர்கருணா' முறையில், கழிவை அரைத்து முதலில் காற்றோட்டத்தோடு சூடான தொட்டியில் வைத்துப் பக்குவப்படுத்திவிட்டு, பிறகுதான் மீத்தேன் என்ற எரிவாயு உண்டாகும் தொட்டிக்கு விடுவார்கள். சமைத்த சாப்பாட்டுக்கு ஏற்ற முறை அது.

ஆனால் கல்லூரிக்கென்று ஒரு சிக்கல் உண்டு, விற்க வருகிறவர்கள் சொல்வதில்லை. மே மாதம் விடுதி காலி. பயோகேஸ் தொட்டிக்கு ஒரு மாதம் தீனி கிடையாது. ஜூனில் பிள்ளைகள் திரும்பி வந்த முதல் நாளே முழு டிரம்மையும் கொட்டினால் உள்ளே புளித்து அமிலமாகி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். விடுமுறையில் சாணக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உயிரோடு வைத்திருக்கவும், திறந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத் தீனியை ஏற்றவும் ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும். எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு உள்ளே போகக் கூடாது. அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத கல்லூரிக்கு உரக்குழியே போதும்.

முதுகலை மாணவி: விடுதியில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது நல்லதா?

முதலில், இதைக் கூச்சமில்லாமல் கேட்டதற்கு நன்றி அம்மா. இந்தப் பேச்சே எடுக்காததால்தான் எத்தனையோ விடுதியில் நாப்கின் கழிப்பறைக் குழாயிலும் ஜன்னலுக்குப் பின்னாலும் கிடக்கிறது.

நாப்கினில் இருப்பது பஞ்சு மட்டும் இல்லை. பிளாஸ்டிக் அடிப்படலமும், ஈரத்தை இழுத்துக் கூழாகும் பாலிமரும் இருக்கிறது. அது முழுசாக எரிய 800 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சுவரில் மாட்டும் சின்னப் பெட்டிகள் பலவும் அந்தச் சூட்டை எட்டாமல் கருக்கத்தான் செய்கின்றன. புகைக்குழாய் நடைவழியிலேயே திறந்திருந்தால் நச்சுப்புகை நம் மூக்குக்குத்தான். உங்கள் இயந்திரத்தைத் திறந்து சாம்பலைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியாக இருந்தால் பரவாயில்லை. கருகின உருண்டையாக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்வது எளிது. ஒவ்வொரு கழிப்பறையிலும் மூடியுள்ள தனிவாளி, பக்கத்தில் பழைய செய்தித்தாள் துண்டுகள். சுற்றிப் போட்டால், எடுக்கிற அக்காவுக்குப் பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிடும். அது மருத்துவக் கழிவு எரிக்கும் நிலையத்துக்குப் போகிறது. விருப்பம் உள்ளவர்களுக்கு, நாப்கினுக்குப் பதில் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் மென்சுரல் கப் பற்றி ஒரு மகப்பேறு மருத்துவரை அழைத்துப் பேச வைத்தோம். எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது, வீடு வீடாகக் கப் கொடுத்துச் சொல்லியும் கொடுத்த பிறகு. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அது அவரவர் உடம்பு, அவரவர் முடிவு.

வேதியியல் ஆய்வக உதவியாளர்: சோதனை முடிந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் திறந்துவிடுகிறோம். வேறு என்ன வழி?

இது என் சொந்தத் துறை, அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலை ஒரு சொட்டுக்கூடத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் வரவழைக்கும். மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதற்கு ராணிப்பேட்டையை விட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ஆரஞ்சு நிறக் கரைசலைத் தனிக் கேனில் சேருங்கள். அமில நிலையில் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்தால் ஆரஞ்சு பச்சையாகும், அதாவது ஆபத்து குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறங்கும். புகை வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்து, ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள். கந்தக வாடை வரும். பிறகு சுண்ணாம்பு போட்டால் குழம்பாகப் படியும். அந்தப் படிவைத்தான் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் மிச்சத்தில் உப்புக் கரைசல் ஊற்றி வெள்ளிக் குளோரைடாகப் பிடித்து வைத்தால் வெள்ளியை மீட்கலாம், மாணவர்களுக்கு அதுவே ஒரு சோதனை.

இதைவிட நல்ல வழி, கழிவே குறைவாக வருமாறு செய்வது. கரைசல் அளக்கும் கண்ணாடிக் குழாய்களைச் சின்னதாக்குங்கள்: 20 மில்லி பிப்பெட்டுக்குப் பதில் 5 மில்லி, 50 மில்லி பியூரெட்டுக்குப் பதில் 10 மில்லி. கரைசல் நாலில் ஒரு பங்குதான் செலவாகும். பிள்ளைகள் கையும் இன்னும் நிதானமாகும்.

கேன்டீன் நடத்துபவர்: பேப்பர் கப்புக்கு மாறிவிட்டோம். இனி பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. தேநீர் ஊறாமல் இருக்கக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், அதனால் உரக்குழியில் மக்காது, காகித ஆலைக்காரரும் வாங்கத் தயங்குவார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. எவர்சில்வர் டம்ளரும், வெந்நீரில் கழுவ ஒரு ஆளும் போடுங்கள்.

தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள், அதே கல்லூரி மாணவி: பிள்ளைகள் பிரித்துப் போட்டாலும் டிராக்டரில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள். பிறகு அம்மாதான் கை விட்டுப் பிரிக்கிறார்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் எழுத ஓடவில்லை. மூன்று நிறத் தொட்டி வாங்கிய கல்லூரி, டிராக்டர் தொட்டிக்கு நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைக்காததால் வந்த வினை இது. தடுப்பு வைக்கிற வரை ஈரக் குப்பை காலையில், உலர் குப்பை மாலையில் என்று வேளையைப் பிரிக்கச் சொல். வண்டி ஒன்றாகவே இருந்தாலும் கலக்காது.

கையுறை மெல்லியதாகக் கொடுத்தால் உடைந்த கண்ணாடி கிழித்துவிடும், தடித்த ரப்பர் கையுறை கேட்டு வாங்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேள். அட்டை, பாட்டில், இரும்பு விற்ற காயலான் கடைக் காசு யாருக்குப் போகிறது என்றும் கேள். எங்கள் வளாகத்தில் அது முழுவதும் பிரிக்கிற பெண்களுக்கே போகிறது, ரசீதோடு. இதை மாணவர் கூட்டத்தில் எழுப்பத் தயக்கமாக இருந்தால், என் பதிலைக் காட்டி வார்டனிடம் பேசு.

கல்லூரி நிர்வாக அலுவலர்: இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா? கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டினால் போதாதா?

2016-ன் திடக்கழிவு விதிகளிலேயே, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடம் 'மொத்தக் கழிவு உற்பத்தியாளர்', அதாவது அதிகக் குப்பை உண்டாக்குபவர், கணக்கில் சேர்ந்துவிட்டது. கல்லூரிகளும் அதில் உண்டு. பிரித்துக் கொடுப்பதும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே முடிப்பதும் அவர்கள் பொறுப்பு. நாக் குழுவுக்கும் புதுத் தொட்டியை விடக் கறை படிந்த எடை நோட்டுதான் பேசும். மூன்று வருட நோட்டு கையில் இருந்தால் வேறு எதையும் ஜோடிக்க வேண்டியதில்லை.

இறுதியாண்டு மாணவி: அடுத்த மாதம் விடுதி காலி செய்கிறோம். போன வருடம் வராந்தா முழுக்க வாளியும் மெத்தையுமாகக் கிடந்தது. என்ன செய்யலாம்?

கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு காலி அறையைக் கேட்டு வாங்குங்கள். வாளி, குவளை, ஹேங்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வரைபலகை, ஆய்வகக் கோட்டு, புத்தகம் எல்லாம் அங்கே வரட்டும். வாளியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் ஜூலையில் முதலாண்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பழைய சார்ஜர், பேட்டரி, இயர்போன் தனிப் பெட்டியில், பூட்டி. அவை பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும், காயலான் கடைக்கு வேண்டாம். பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்துப் பஞ்சு அடிப்பவரிடம் கொடுக்கலாம், ஃபோம் மெத்தை என்றால் ஊருக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அறைச் சாவியை உங்கள் ஜூனியர் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், வார்டனிடம் இல்லை. ஜூலையில் நாங்கள் அட்மிஷன் வேலையில் மறந்துவிடுவோம்.